டி6 முடிந்த பிறகு இந்த ஊசிகள் எங்கிருந்து வந்தன?

என்னிடம் இரண்டு மைக்ரோஸ்கோப் படங்கள் இருக்கின்றன. ஒரே வார்ப்பிலிருந்து பக்கத்துப் பக்கத்தில் வெட்டிய இரண்டு துண்டுகள். ஒன்று அச்சிலிருந்து வந்த நிலையிலேயே பாலிஷ் செய்தது, இன்னொன்று டி6 என்ற ஹீட் ட்ரீட்மென்ட் (சூடாக்கி, சட்டென்று குளிரவைத்து, மறுபடி மிதமாகச் சூடாக்குவது) முழுக்க முடிந்த பிறகு பாலிஷ் செய்தது. அலாய் ஏ356, அதாவது அலுமினியத்தில் சுமார் 7 சதவீதம் சிலிக்கான், 0.3 சதவீதத்தை ஒட்டி மெக்னீசியம், கூடவே யாரும் கேட்காமல் வந்து சேர்ந்த கொஞ்சம் இரும்பு. முதல் படத்தில் சாம்பல் நிறத்தில் கிளைவிட்ட, எழுத்து மாதிரியான உருவங்கள் இருந்தன, ஊசிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தெரிந்தன. இரண்டாவது படத்தில் அந்த எழுத்து உருவங்கள் பெரும்பாலும் காணாமல் போய், அவை இருந்த இடங்களில் மெல்லிய சின்னச் சின்ன ஊசிகள் கூட்டமாக நின்றன.

ஊசி என்றால் கெட்டது, இரும்பு ஊசி வார்ப்பை உடைக்கும் என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். உலைக்குள் போய் வந்தால் உலோகம் நல்லபடியாக மாற வேண்டும், இங்கே ஊசி கூடியிருக்கிறதே என்று இரண்டு நாள் துண்டுகளை மாற்றி மாற்றிப் பார்த்தேன், அடையாளம் மாறிப் போயிருக்கும் என்று நினைத்து மறுபடியும் வெட்டிப் பாலிஷ் போட்டேன். அதே படம்தான் வந்தது. அந்தக் கேள்விக்கு விடை தெரிய எனக்கு நிறைய நாள் ஆனது. தெரிந்தபோது, ஹீட் ட்ரீட்மென்ட் பற்றி நான் மனதில் வைத்திருந்த சித்திரமே மாறிவிட்டது. அதை முழுசாக எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

முதலில், இன்டர்மெட்டாலிக் என்பது என்ன? ஒரு உலோகத்தில் இன்னொன்றைக் கலந்தால் இரண்டு வழிகள் உண்டு. கலந்த அணுக்கள் தாய் உலோகத்தின் படிக வரிசைக்குள் ஆங்காங்கே இடம் பிடித்து உட்காரலாம், அதைத் திண்மக் கரைசல் என்கிறோம். அல்லது, தனியாக ஒதுங்கி, குறிப்பிட்ட விகிதத்தில் கைகோத்து, தங்களுக்கென்று வேறு ஒரு படிக அமைப்பைக் கட்டிக்கொள்ளலாம். இரண்டு அலுமினியத்துக்கு ஒரு தாமிரம், இரண்டு மெக்னீசியத்துக்கு ஒரு சிலிக்கான், ஐந்து அலுமினியத்துக்கு ஒரு இரும்பும் ஒரு சிலிக்கானும், இப்படி. இந்த இரண்டாவது வகைதான் இன்டர்மெட்டாலிக். பெரும்பாலும் கடினமாக இருக்கும், வளையாது, இழுத்தால் நீளாமல் உடையும். சுற்றியுள்ள அலுமினியமோ மென்மையானது, இழுத்த இழுப்புக்கு வரும். அலுமினியம் அலாய்களின் நல்லது கெட்டது எல்லாமே இந்த இரண்டும் ஒன்றோடொன்று எப்படிச் சேர்ந்து வாழ்கின்றன என்பதில்தான் இருக்கிறது.

அலுமினியம் எந்த உலோகத்தை எவ்வளவு தனக்குள் கரைத்து வைத்துக்கொள்ளும் என்ற கணக்குதான் இதற்கெல்லாம் அடிப்படை. தாமிரத்தை எடுத்துக்கொண்டால் 548 டிகிரி செல்சியஸில் எடைக்கு 5.65 சதவீதம் வரை கரையும், அறை வெப்பநிலைக்கு வந்தால் 0.1 சதவீதம்கூடக் கரையாது. மெக்னீசியமும் துத்தநாகமும் இதைவிடத் தாராளமாகக் கரையும். சிலிக்கான் 577 டிகிரியில் 1.65 சதவீதம். இரும்பு? உருகுநிலையை ஒட்டிய 655 டிகிரியில்கூட 0.05 சதவீதம்தான். அதுதான் அதன் உச்சம். அதற்குக் கீழே போகப் போக அதுவும் இல்லை.

இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் பாதி விஷயம் புரிந்துவிடும். உலையில் சூடேற்றும்போது கரையக்கூடிய இன்டர்மெட்டாலிக்குகள் ஒரு கூட்டம், கரைய வழியே இல்லாதவை இன்னொரு கூட்டம். ஹீட் ட்ரீட்மென்ட் என்று ஒரே பெயரில் சொன்னாலும் இந்த இரண்டு கூட்டத்துக்கும் அது செய்வது முற்றிலும் வேறு வேறு வேலை.

கரையும் கூட்டத்தின் கதை பிரபலமானது. ஜெர்மனியில் ஆல்ஃப்ரெட் வில்ம் 1906-இல் தாமிரமும் கொஞ்சம் மெக்னீசியமும் கலந்த அலுமினியத்தைச் சூடாக்கித் தண்ணீரில் குளிரவைத்தார். எஃகைப் போல இதுவும் குளிர்ந்த உடனே கடினமாகும் என்பது எதிர்பார்ப்பு. உடனே ஒன்றும் ஆகவில்லை. சில நாள் கழித்து மறுபடி அளந்தபோது அது தானாகவே கடினமாகியிருந்தது. ஏன் என்று வில்முக்குத் தெரியவில்லை, அந்தக் காலத்து மைக்ரோஸ்கோப்பில் எந்த மாற்றமும் தெரியவும் இல்லை. டியூராலுமின் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்து, விமானங்களுக்கும் போன பிறகுதான், 1919-இல் அமெரிக்காவில் மெரிக்கா என்ற ஆய்வாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் காரணத்தைச் சொன்னார்கள்: சூட்டில் கரைந்த தாமிரம், குளிர்ந்த பிறகு இடமில்லாமல் கண்ணுக்குத் தெரியாத துகள்களாக வெளியே வருகிறது. 1938-இல் கினியேவும் பிரெஸ்டனும் தனித்தனியாக எக்ஸ்ரே மூலம் அந்தத் துகள்களின் முதல் உருவத்தைப் பிடித்தார்கள். ஓரிரு அணு அடுக்கு தடிமனில், தாமிர அணுக்கள் தட்டுபோல் கூடியிருக்கும் சின்னத் திட்டுகள். அவர்கள் பெயரிலேயே இன்றும் ஜிபி மண்டலம் என்கிறோம். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ரைட் சகோதரர்கள் 1903-இல் பறந்த விமானத்தின் என்ஜின் கூடு அலுமினியம்-தாமிர வார்ப்பு. அதன் சிறு துண்டை 1990-களில் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது உள்ளே இந்த மண்டலங்கள் இருந்தன. வில்ம் கண்டுபிடிப்பதற்கு மூன்று வருடம் முன்பே, யாருக்கும் தெரியாமல், அந்தக் கூடு ஏஜிங் ஆகியிருந்தது, அதாவது இப்படித் துகள்கள் வெளியே வந்து கடினமாகியிருந்தது.

சரி, டி6-க்கு வருவோம். மூன்று கட்டம். முதலில் சொல்யூஷனைசிங்: ஏ356 என்றால் சுமார் 540 டிகிரியில் சில மணி நேரம், வார்ப்பின்போது திரண்ட மெக்னீசியம்-சிலிக்கான் துகள்கள் கரைந்து உள்ளே போகும்வரை. அடுத்தது குவென்ச்: சூடாகவே எடுத்துச் சட்டென்று தண்ணீரில், வார்ப்புகளுக்குப் பெரும்பாலும் வெந்நீரில். கரைந்தவை வெளியே வரக் கால அவகாசம் கொடுக்காமல் அப்படியே உள்ளே சிறைப்படுத்துவதற்காக. கடைசியாக ஏஜிங்: 155 முதல் 170 டிகிரிக்குள் சில மணி நேரம், சிறைப்பட்டவை மறுபடி வெளியே வருவதற்கு, ஆனால் இந்த முறை நானோமீட்டர் அளவில், கோடிக்கணக்கில், எங்கும் பரவலாக.

இங்கே நிறைய பேர் தவறவிடும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கரைத்து எடுத்ததும் அதே பொருள், திரும்பி வருவதும் ஏறக்குறைய அதே பொருள்தான். வார்ப்பில் மைக்ரான் கணக்கில் திரண்டிருந்தபோது உதவாமல் கிடந்த அதே மெக்னீசியமும் சிலிக்கானும், நானோமீட்டர் ஊசியாகத் திரும்பி வரும்போது வலிமை தருகிறது. 6061 அலாயை எடுத்துக்கொள்ளுங்கள். மென்மையாக்கிய நிலையில் அது நிரந்தரமாக வளையத் தொடங்கும் அழுத்தம் சுமார் 55 மெகாபாஸ்கல், டி6-இல் சுமார் 275. ஒரு கிராம்கூட எதையும் புதிதாகச் சேர்க்கவில்லை. உள்ளே இருந்ததை வேறு அளவில் மறுபடி அடுக்கியதற்குக் கிடைத்த ஐந்து மடங்கு அது.

'ஏறக்குறைய அதே பொருள்' என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. தாமிர அலாயில் ஜிபி மண்டலம், பிறகு தீட்டா இரட்டைக்கோடு, தீட்டா ஒற்றைக்கோடு, கடைசியில்தான் நிலையான தீட்டா என்ற இன்டர்மெட்டாலிக் என்று படிப்படியாகப் போகும். மெக்னீசியம்-சிலிக்கானிலும் இதே மாதிரி பீட்டா வரிசை. வலிமையின் உச்சம் நடுவில் உள்ள தற்காலிகப் படிகளில்தான் கிடைக்கிறது. ஏனென்றால் அந்தத் துகள்களின் படிக வரிசை தாய் அலுமினியத்தின் வரிசையோடு இன்னும் ஒட்டியே இருக்கிறது, சுற்றிலும் இழுப்பை உண்டாக்குகிறது, அலுமினிய அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிப் போக முடியாமல் தடுக்கிறது. நிலையான தீட்டா வந்துவிட்டால் ஒட்டு விட்டுப்போகும், துகள்கள் பெரிதாகும், எண்ணிக்கை குறையும், வலிமை இறங்கும். ஓவர் ஏஜிங் என்பது இதுதான். அதிக நேரம் வைத்தால் அதிகக் கடினம் என்பது உச்சிவரை மட்டுமே உண்மை.

இனி இரும்பு. என் பாடம் இங்கேதான்.

ஒரு சமயம் ஒரு வார்ப்புத் தொகுதியில் நீட்சி குறைவாக வந்தது. இழுத்துச் சோதிக்கும் டென்ஸைல் பீஸ்கள் நீளாமல் முறிந்தன, வலிமை பரவாயில்லை, ஆனால் நீட்சி தேறவில்லை. உடைந்த முகத்தைப் பார்த்தால் பளபளப்பான தட்டைப் பரப்புகள், மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் நீண்ட நீண்ட இரும்பு ஊசிகள். உலையைப் பார்த்துக்கொண்டவர் அனுபவசாலி, "இன்னும் கொஞ்ச நேரம் ஊற விட்டா ஊசி கரைஞ்சிரும் சார்" என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. மெக்னீசியம் கரைகிறது, தாமிரம் கரைகிறது, இரும்பு கொஞ்சம் தாமதமாகக் கரையும், அவ்வளவுதானே. சொல்யூஷனைசிங் நேரத்தை இரட்டிப்பாக்கினோம். ஊசிகள் அப்படியே இருந்தன. ஓரங்கள் லேசாக மழுங்கியிருந்தன, சில இடங்களில் நடுவில் துண்டாகியிருந்தன, அவ்வளவுதான். சிலிக்கான் துகள்கள் மட்டும் இன்னும் பருத்துப் போயிருந்தன. முறிவு முன்பு போலவே இருந்தது.

ஏன் என்று உட்கார்ந்து யோசித்தால் அந்த 0.05 சதவீதம்தான் பதில். ஒரு துகள் கரைய வேண்டுமென்றால் அதன் அணுக்கள் பக்கத்து அலுமினியத்துக்குள் நுழைந்து விலகிப் போக வேண்டும். 540 டிகிரியில் மெக்னீசியம் அணு ஒரு மணி நேரத்தில் பல பத்து மைக்ரான் தூரம் போய்விடும், போவதற்கு உள்ளே இடமும் இருக்கிறது. இரும்பு அணு அதைவிட மிக மெதுவாக நகரும். அதைக்கூட நேரம் கொடுத்துச் சமாளிக்கலாம், ஆனால் போய்ச் சேர இடமே இல்லை. அலுமினியம் ஏற்கனவே தாங்குமளவு இரும்பை வைத்துக்கொண்டிருக்கிறது, இன்னும் ஒரு அணுவை ஏற்காது. ஆக, நேரத்தை நீட்டுவதும் சூட்டைக் கூட்டுவதும் மூடிய கதவைத் தட்டிக்கொண்டே இருப்பதுதான்.

ஊசி ஊசி என்று சொல்கிறோமே, அவை உண்மையில் ஊசிகளே இல்லை. தகடுகள். பாலிஷ் செய்த பரப்பு அந்தத் தகட்டைக் குறுக்கே வெட்டுவதால் கோடாகத் தெரிகிறது. ஒருமுறை அலுமினியத்தை மட்டும் ஆழமாக அரிக்கவிட்டு எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது: குறுக்கும் நெடுக்குமாகக் கண்ணாடிச் சில்லுகள் செருகி வைத்த மாதிரி அகலமான தகடுகள். அதைப் பார்த்த பிறகு முறிவு ஏன் அவ்வளவு எளிதாக ஓடுகிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. தகட்டோடு தகடாக விரிசல் தாவிப் போக வழி ஏற்கனவே போட்டு வைத்திருக்கிறது. உருகிய உலோகம் கெட்டியாகும்போது கடைசி நேரத்தில் பாய வேண்டிய பாதைகளையும் இந்தத் தகடுகள் மறிக்கின்றன, அதனால் சுருக்கத் துளைகளும் கூடுகின்றன.

அப்படியானால் இரும்பு விஷயத்தில் ஹீட் ட்ரீட்மென்ட்டால் எதுவுமே ஆகாதா? ஆகும். கரைக்க முடியாது, வேறொன்றாக மாற்ற முடியும். இதன் அழகான உதாரணம் 6063 மாதிரியான எக்ஸ்ட்ரூஷன் அலாய்களில், அதாவது டை என்ற துளை அச்சின் வழியாக அழுத்தித் தள்ளி உருவாக்கும் அலாய்களில் இருக்கிறது. நீளமான உருளைகளாக வார்த்த பில்லெட்டை 560 முதல் 590 டிகிரிக்குள் பல மணி நேரம் ஹோமோஜினைஸ் செய்வார்கள், அதாவது சூட்டில் ஊற வைத்து உள்ளே சீராக்குவார்கள். வார்த்தபோது மணி எல்லைகளில் (உலோகத்தின் சின்னச் சின்னப் படிக மணிகள் ஒன்றையொன்று தொடும் இடங்களில்) மெல்லிய தகடுகளாக இருந்த பீட்டா என்ற இரும்புச் சேர்மம், அந்தச் சூட்டில் மெல்ல மெல்ல ஆல்ஃபா என்ற வேறு சேர்மமாக மாறுகிறது. ஆல்ஃபாவில் இரும்புக்கு ஏற்ற சிலிக்கான் பங்கு குறைவு, மாங்கனீசுக்கு உள்ளே இடம் உண்டு. படிக அமைப்பு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரியானது என்பதால் தகடாக வளர வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. தகடு இருந்த இடத்தில் உருண்டையான துகள்கள் வரிசையாக, கோத்த மாலை போல நிற்கும். இரும்பு ஒரு அணுகூடக் குறையவில்லை, ஆனால் அதே இரும்பு இப்போது உருண்டை வடிவில் இருக்கிறது. டையின் வழியாக அழுத்தித் தள்ளும்போது மேற்பரப்பு கிழியாமல், வேகமாகத் தள்ள முடிவது இதனால்தான். கொஞ்சம் மாங்கனீசு சேர்த்தால் மாற்றம் இன்னும் சீக்கிரம் நடக்கும். பில்லெட்டில் இது நடப்பதற்கு, தண்ணீர் தெளித்து வேகமாகக் குளிரவைப்பதால் தகடுகள் மெல்லியதாக இருப்பதும் ஒரு காரணம். மணல் அச்சில் மெதுவாக உறைந்த வார்ப்பின் தடித்த தகடுகளிடம் இந்த மாற்றத்தை எதிர்பார்க்கக்கூடாது.

இப்போது என் இரண்டு படங்களுக்கு வருகிறேன். முதல் படத்தில் இருந்த அந்தச் சாம்பல் எழுத்து உருவங்களை நான் நல்ல ஆல்ஃபா என்று நினைத்திருந்தேன். உருவம் அப்படித்தான் இருந்தது. அது ஆல்ஃபா இல்லை, 'பை' என்று அழைக்கப்படும் இன்னொரு சேர்மம்: எட்டு அலுமினியம், மூன்று மெக்னீசியம், ஒரு இரும்பு, ஆறு சிலிக்கான். அந்த மூன்று மெக்னீசியத்தைக் கவனியுங்கள். ஒவ்வொரு இரும்பு அணுவும் மூன்று மெக்னீசியம் அணுக்களைத் தன்னோடு கட்டிப் பிடித்து வைத்திருக்கிறது. வலிமை தரும் நானோ துகளாக மாற வேண்டிய மெக்னீசியம் அங்கே முடங்கிக் கிடக்கிறது.

மெக்னீசியம் 0.3, 0.4 சதவீதம் அளவில் உள்ள ஏ356-ஐ 540 டிகிரியில் வைத்தால் இந்த பை நிலைத்து நிற்காது. அது பிரிந்து, மெக்னீசியத்தைச் சுற்றியுள்ள அலுமினியத்துக்குக் கொடுத்துவிடும், அலுமினியத்தில் மெக்னீசியத்துக்கு இடம் தாராளமாக இருக்கிறது. மீதி இருக்கும் இரும்புக்கு எங்கேயும் போக வழியில்லை, அது சிலிக்கானோடும் அலுமினியத்தோடும் சேர்ந்து பீட்டாவாக உட்காரும். பீட்டா என்றால் தகடு, தகடு என்றால் வெட்டுமுகத்தில் ஊசி. இரண்டாவது படத்தில் நான் பார்த்த ஊசிக் கூட்டம் இதுதான்.

அதாவது அந்த ஊசிகள் மெக்னீசியம் விடுதலை ஆனதற்கான தடயம். படத்தைப் பார்த்துக் கெட்டது நடந்திருக்கிறது என்று நினைத்தேன், நடந்ததோ பெரும்பாலும் நல்லது. இந்தப் புது ஊசிகள் சின்னவை, ஒன்றிரண்டு மைக்ரான் கணக்கில் மெல்லியவை, உருகிய உலோகத்தில் சுதந்திரமாக வளர்ந்த பெரிய தகடுகள் செய்யும் சேதத்தை இவை செய்வதில்லை. ஏஜிங்குக்குக் கிடைக்கும் மெக்னீசியம் கூடியிருக்கிறது, வலிமை அதனால் ஏறுகிறது. இது புரிந்த அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் உணர முடிகிறது.

இதே அலாய் குடும்பத்தில் 357 வகைக்குப் போனால் கதை மாறும். மெக்னீசியம் 0.6 சதவீதத்தைத் தொடும்போது பை அந்தச் சூட்டிலும் நிலையாக இருந்துவிடும், பிரியாது. கூடுதல் வலிமைக்காகக் கூடுதலாக மெக்னீசியம் போடுகிறோம், அதில் ஒரு பகுதியை இரும்பு பிடித்து வைத்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. ஆகவே அந்த வகையில் இரும்பைக் குறைப்பது நீட்சிக்காக மட்டும் இல்லை, போட்ட மெக்னீசியம் வீணாகாமல் இருப்பதற்காகவும்தான். ஒரே உலை, ஒரே சூடு, மெக்னீசியத்தில் 0.3 சதவீத வித்தியாசம், அதே சேர்மம் ஒன்றில் பிரிகிறது, இன்னொன்றில் நிற்கிறது. எத்தனை மணி நேரம் வைக்கலாம் என்று பொதுவாக யாராவது கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாமல் போவது இதனால்தான். என்ன அலாய், இரும்பு எவ்வளவு, எவ்வளவு வேகத்தில் உறைந்தது என்று முதலில் கேட்பேன்.

நடுவில் ஒரு எச்சரிக்கை, குறிப்பாகப் புதிதாகப் படிப்பவர்களுக்கு. பீட்டா என்ற எழுத்தை இந்தத் துறையில் கண்டபடி பயன்படுத்துகிறார்கள். இரும்புத் தகடும் பீட்டா, மெக்னீசியம்-சிலிக்கான் சேர்மமும் பீட்டா, அலுமினியம்-மெக்னீசியம் அலாய்களில் வரும் இன்னொரு சேர்மமும் பீட்டா. மூன்றுக்கும் எந்த உறவும் இல்லை. ஒரு அறிக்கையில் 'பீட்டா கரைந்தது' என்றும் இன்னொன்றில் 'பீட்டா கரையாது' என்றும் படித்துவிட்டுக் குழம்பிப் போயிருக்கிறேன். இரண்டும் சரிதான், பேசியது வேறு வேறு பீட்டாவைப் பற்றி. எழுதும்போது கூடவே எந்தெந்தத் தனிமங்கள் என்று சொல்லிவிடுங்கள்.

கரையும் கூட்டத்துக்கும் ஒரு எல்லை உண்டு. சூடு கூடினால் வேகமாகக் கரையும் என்று தெரியும், அதனால் கை தானாகவே வெப்பநிலையைக் கூட்டப் போகும். ஆபத்து அங்கே இருக்கிறது. வார்ப்பு உறையும்போது கடைசியாக உறைந்த துளிகளில்தான் தாமிரமும் மெக்னீசியமும் திரண்டிருக்கும், மொத்த அலாயின் உருகுநிலையைவிட அந்த இடங்களின் உருகுநிலை மிகவும் குறைவு. 319 மாதிரி சிலிக்கானும் தாமிரமும் உள்ள அலாயில் அலுமினியம், சிலிக்கான், தீட்டா மூன்றும் சேர்ந்த கலவை 525 டிகிரிக்கு அருகிலேயே உருகும், மெக்னீசியமும் இருந்தால் அது 507-க்கு இறங்கிவிடும். ஏ356-க்குப் பழகிய 540-ஐ இதற்கும் வைத்தால், வெளியே பார்க்க வார்ப்பு அப்படியே இருக்கும், உள்ளே மணி எல்லைகளில் சின்னக் குட்டைகள் உருகியிருக்கும். வெட்டிப் பார்த்தால் எல்லைகள் தடித்திருக்கும், மூன்று மணிகள் சந்திக்கும் இடங்களில் முக்கோணத் திட்டுகள், மணிகளுக்குள்ளே வட்ட வட்டமான துளிகள் தெரியும். அப்படி ஒரு பீஸ் வந்தால் அதை மறுபடி டி6 போட்டுச் சரி செய்ய முடியாது. மறு உருக்குக்குத்தான் போக வேண்டும்.

வழி இருக்கிறது, பொறுமை வேண்டும். முதலில் 495 டிகிரியை ஒட்டிப் பல மணி நேரம் வைத்து, உருகக்கூடிய தாமிரத் திரட்சிகளை உருகாமலேயே கரைத்துவிட வேண்டும். கரைந்த பிறகு அங்கே உருக எதுவும் மிச்சமில்லை, அப்புறம் 515, 520 என்று ஏற்றினால் பத்திரம். இரண்டு கட்ட சொல்யூஷனைசிங் என்பது இந்த எளிமையான யோசனைதான். 2024 என்ற தாமிர அலாயில் இடைவெளி இன்னும் குறுகல்: 488-இலிருந்து 499-க்குள் வைக்க வேண்டும், 502-இல் உருகத் தொடங்கிவிடும். உலையின் ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம் என்று அளந்து வைக்காதவர்கள் இந்த அலாயைத் தொடக்கூடாது என்பது என் கருத்து, இதில் நான் பிடிவாதம்தான்.

குவென்ச்சில் தவறினாலும் இன்டர்மெட்டாலிக்குகள் காட்டிக்கொடுத்துவிடும். உலைக் கதவு திறந்து தண்ணீர்த் தொட்டிக்குப் போவதற்குள் தாமதமானால் 400-க்கும் 290-க்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் கரைந்தவை அவசரமாக வெளியே வரத் தொடங்கும், அதுவும் மணி எல்லைகளைத் தேடிப் போய் உட்காரும். அங்கே திரண்டவை வலிமைக்கும் உதவாது, எல்லையோரமாக அரிப்புக்கும் வழி செய்யும். 7075 என்ற துத்தநாக அலாயில் டி6 உச்ச வலிமை தந்தாலும் அழுத்தத்தில் அரித்து விரிசல் விடும் சுபாவம் இருந்ததால்தான், வேண்டுமென்றே ஓவர் ஏஜிங் செய்த டி73 வந்தது. கொஞ்சம் வலிமையை விட்டுக்கொடுத்து, எல்லையில் உள்ள துகள்களைப் பெரிதாக்கி இடைவெளிவிட்டு நிற்க வைத்து, நம்பகத்தை வாங்கினார்கள். உலையே இல்லாமலும் இது நடக்கும். 3 சதவீதத்துக்கு மேல் மெக்னீசியம் உள்ள 5000 வரிசை அலுமினிய அலாய்த் தகடுகள் 65 டிகிரிக்கு மேல் நீண்ட காலம் கிடந்தாலே போதும், நான் சொன்ன அந்த மூன்றாவது பீட்டா மணி எல்லைகளில் படரத் தொடங்கிவிடும்.

இரும்புக்கே மறுபடி வருகிறேன், எனக்கு அதை விட மனமில்லை. 356-க்கும் ஏ356-க்கும் பெரிய வித்தியாசம் என்ன? முதலாவதில் இரும்பு 0.6 சதவீதம் வரை அனுமதி, இரண்டாவதில் 0.20. 7075-க்கும் 7475-க்கும்? 0.5-இலிருந்து 0.12. விமான இறக்கைக்கும் உடலுக்கும் விரிசல் தாங்கும் திறன் தேவைப்பட்டபோது ஹீட் ட்ரீட்மென்ட்டில் மட்டும் தேடாமல், இரும்பையும் சிலிக்கானையும் குறைத்தார்கள். ஏழு அலுமினியம், இரண்டு தாமிரம், ஒரு இரும்பு என்று அங்கே உருவாகும் சேர்மத்தை எந்த உலையாலும் கரைக்க முடியாது, கூடவே அது நல்ல தாமிரத்தையும் விழுங்கி வைத்திருக்கும்.

இரும்பு ஒருமுறை உருக்கில் சேர்ந்துவிட்டால் எடுப்பது மிகவும் கடினம், மறுசுழற்சி செய்யச் செய்ய கூடிக்கொண்டேதான் போகும். எங்கள் தொகுதியில் அது எங்கிருந்து வந்தது என்று பின்னால் தேடினோம். கலக்கும் எஃகுக் கரண்டிகளில் பூச்சு தேய்ந்து போயிருந்தது, கழிவுத் துண்டுகளில் திருகாணிகள் கலந்திருந்தன, ஒவ்வொரு உருக்கிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வந்திருக்கிறது. உருக்கில் எந்தத் தனிமம் எவ்வளவு என்று காட்டும் ஸ்பெக்ட்ரோ தாளில் அந்த எண் மாதக்கணக்கில் எங்கள் கண் முன்னாலேயே இருந்தது, அனுமதிக்குள்தானே என்று யாரும் நின்று பார்க்கவில்லை. இரும்பு எவ்வளவு வரை பரவாயில்லை என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு, சிலிக்கான் சதவீதத்தை 0.075-ஆல் பெருக்கி 0.05 கழித்தால் வரும் எண். 7 சதவீத சிலிக்கானுக்கு 0.475. அதைத் தாண்டினால் பெரிய தகடுகள், சிலிக்கான் உறைவதற்கு முன்பே உருகிய உலோகத்தில் தாராளமாக வளரத் தொடங்கும். அந்தக் கணக்குக்குக் கீழே இருந்தாலும், மெதுவாக உறையும் தடித்த பகுதிகளில் தகடு நீளமாகத்தான் வளரும், எங்களுக்கு முறிந்ததும் அப்படிப்பட்ட பகுதியில்தான்.

கரண்டிகளுக்குப் புதுப் பூச்சு போட்டோம். கழிவின் பங்கைக் குறைத்துச் சுத்தமான இங்காட்டைக் கூட்டினோம். தடித்த பகுதிக்கு அச்சில் ஒரு குளிர்ப்புக் கட்டி வைத்தோம், வேகமாக உறையட்டும் என்று. சொல்யூஷனைசிங் நேரத்தைப் பழைய அளவுக்கே திருப்பிக் கொண்டுவந்தோம். அடுத்த தொகுதியிலிருந்து எடுத்த துண்டைப் பாலிஷ் செய்து வைத்தபோது உலைக்காரர் என் பக்கத்தில் நின்றார். ஊசிகள் இருக்கத்தான் செய்தன, ஆனால் குட்டையாக, சிதறலாக. டி6 முடிந்த துண்டில் எழுத்து உருவங்கள் போய், அந்த இடங்களில் மெல்லிய ஊசிக் கூட்டங்கள். "மறுபடி ஊசி வந்திருக்கே சார்" என்றார் கவலையோடு. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லி, அந்த மூன்று மெக்னீசியத்தைப் பற்றி அவருக்குச் சொல்லத் தொடங்கினேன்.